புதன்கிழமை இன்ஜின்

எங்கள் அண்ணிக்கு எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, தொழில் அப்படி. பழைய பொம்மை ரயில் இன்ஜின்களுக்கு விலை மதிப்பது அவர் வேலை. யாராவது பரணிலிருந்து எடுத்துத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையை ஏந்துவது போல ஏந்தி வந்து மேஜையில் வைப்பார். அண்ணி அதைத் தலைகீழாகப் புரட்டி, "பின் சக்கரம் மாத்தியிருக்கு" என்பார். வந்தவர் முகத்தில் ஈயாடாது.

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. ஐம்பதைத் தாண்டிவிட்டார், கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, வந்த மாப்பிள்ளைகளையும் இப்படியே புரட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார் என்பதுதான் சரி. ஒருவரை "மேலே புதுப் பெயிண்ட், அடியில துரு" என்றாராம். இன்னொருவரை "பெட்டி மட்டும்தான் ஒரிஜினல்" என்றாராம். எல்லாம் நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது. என் கணவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், அக்கா பக்கத்தில் இல்லாதபோது.

கடை மாடியில் இருக்கிறது. கீழே மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். அண்ணி விலை மதிப்பார். என் கணவர் மாதம் ஒரு தடவை ஏலம் போட்டு விற்பார். நேரில் வருகிறவர்கள் கொஞ்சம், மற்றவர்கள் எல்லாம் போனில். விற்றதை நான் பொட்டலம் கட்டி அனுப்புவேன். நான் கட்டிய பொட்டலம் மாடியிலிருந்து விழுந்தாலும் உள்ளே இருக்கும் இன்ஜினுக்குத் தூக்கம் கலையாது. வேறு யாரும் இதைச் சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அண்ணி மதிப்பதைப் பார்க்க வேண்டும். முதலில் இன்ஜினை முகர்வார். யாராவது பிற்பாடு பெயிண்ட் அடித்திருந்தால் மூக்கு சொல்லிவிடும். அப்புறம் கழுத்தில் தொங்கும் லென்ஸை எடுத்துச் சக்கரம் சக்கரமாகப் பார்ப்பார். அப்புறம் விரல் நகத்தால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். அந்தக் காலத்து வார்ப்பு உலோகம் சிலது உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளியே ராஜா மாதிரி நிற்கும், தூக்கினால் பொலபொலவென்று உதிரும். கடைசியாக மேஜை மேல் போட்டிருக்கும் வட்டத் தண்டவாளத்தில் வைத்து மூன்று சுற்று விடுவார். அது ஓடும்போது யாரும் மூச்சு விடக்கூடாது. மூன்றாவது சுற்று முடிந்ததும் விலையைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்கிற கேள்வி, "இன்னும் எத்தனை இருக்கு?" என்பது. ஒரே வீட்டுச் சேகரம் என்றால் மொத்தமாகக் கொண்டுவர வேண்டும். இன்ஜின், பின்னால் வரும் கரிவண்டி, பெட்டிகள், அட்டை டப்பா எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் நல்ல விலை. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தால் அண்ணிக்கு மூக்கு மேல் கோபம் வரும். "காய்கறியா வாங்க வந்திருக்கீங்க, தினம் கொஞ்சம் வாங்கிட்டுப் போக? போய் எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்று மாடிப்படி வரைக்கும் விரட்டுவார்.

இந்த லட்சணத்தில்தான் ஒரு புதன்கிழமை பல் டாக்டர் வந்தார்.

ஆள் நல்ல உயரம். கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு, நிலையைப் பார்த்து "மன்னிக்கணும்" என்றார். அவரோடு சேர்ந்து கிராம்புத் தைல வாசனையும் உள்ளே வந்தது. கையில் ஒரே ஒரு பச்சை இன்ஜின்.

"எங்க பெரியப்பாவோடது. அவர் போய்ச் சேர்ந்துட்டார். இதை என்ன பண்றதுன்னு தெரியல" என்றார்.

அண்ணி முகர்ந்தார், லென்ஸில் பார்த்தார், நகத்தால் தட்டினார்.

"எதுக்குத் தட்டறீங்க?"

வேறு யாராவது நடுவில் பேசியிருந்தால் அன்றைக்கே அவர் கதை முடிந்திருக்கும். அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "உள்ளே உளுத்திருந்தா சத்தம் மொத்தையா வரும். நல்லா இருந்தா கணீர்னு கேட்கும்."

"அட! நானும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பேன். நான் பல் டாக்டர்" என்றார் அவர், ஏதோ ஒன்றுவிட்ட சொந்தம் கண்டுபிடித்த மகிழ்ச்சியில்.

அண்ணி இன்ஜினைத் தண்டவாளத்தில் விட்டார். மூன்று சுற்று ஆயிற்று. நான்காவது ஆயிற்று. என் கணவர் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இன்ஜின் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்க, அண்ணி டாக்டரிடம், மனுஷப் பல்லில் எந்தப் பல் முதலில் உளுத்துப்போகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த இன்ஜின் ஓடியதை நேராக ஓடவிட்டிருந்தால் அடுத்த ஊருக்கே போயிருக்கும்.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்ற கேள்வியை அண்ணி கேட்கவே இல்லை.

அடுத்த புதன்கிழமை இன்னொன்று வந்தது. அதற்கடுத்த புதன் வேறொன்று. புதன் மதியம் அவர் கிளினிக்குக்கு விடுமுறையாம். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு இன்ஜின். ஒரு கையில் இன்ஜின், இன்னொரு கை நெற்றியில், ஏனென்றால் அந்தக் கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் அவருக்கு உள்ளே வரத் தெரியவில்லை. அண்ணி ஒருநாளும் அவரை விரட்டவில்லை. என் கணவரிடம், நிலையில் பழைய மெத்தைத் துண்டு ஒன்றை ஆணி வைத்து அடிக்கச் சொன்னார்.

நான் ஒரு புதன்கிழமை வாய் சும்மா இருக்காமல், "டாக்டர், பெரியப்பா வீட்ல இன்னும் எத்தனை இன்ஜின் இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். மேஜைக்கு அடியில் அண்ணி என் காலை மிதித்த மிதியில் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

"இருக்கு இருக்கு, பரண்ல நிறைய இருக்கு" என்றார் டாக்டர், எச்சிலை விழுங்கிக்கொண்டு.

அவர் போனதும் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்கு எதுக்குடி அந்தக் கேள்வி?"

"நீங்க எல்லாரையும் கேட்கிறதுதானே அண்ணி?"

"தீர்ந்துபோச்சுன்னு சொல்லிட்டா?" என்றார். சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் முகம் சிவந்து, துடைத்த மேஜையையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அண்ணி எதற்காகவும் பயந்து நான் பார்த்ததில்லை. அந்த மனிதரின் பரண் காலியாகிவிடக் கூடாது என்று பயந்தார். அன்றிலிருந்து எனக்கும் அதே பயம் பிடித்துக்கொண்டது.

அப்புறம் நடந்ததுதான் பற்பசை விவகாரம்.

பழைய இன்ஜினைச் சுத்தம் செய்யக்கூடாது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அந்தக் காலத்துப் பெயிண்ட் உதிர்ந்திருந்தாலும் அழுக்கேறியிருந்தாலும் அதற்குத்தான் மதிப்பு. ஒருவர் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்ததற்கே, "குளிப்பாட்டி விட்டீங்களே, பவுடர் போட்டு விடலையா?" என்று கேட்டு அண்ணி அவரை அழவைத்து அனுப்பியிருக்கிறார்.

டாக்டர் அன்றைக்கு முகமெல்லாம் பூரிப்பாக வந்தார். துணியைப் பிரித்தார். உள்ளே இருந்த இன்ஜின் எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளவென்று மின்னியது. கறுப்பு இல்லை, சிவப்புக் கோடு இல்லை, பக்கவாட்டில் இருந்திருக்க வேண்டிய எண்ணும் இல்லை. வெறும் தகரம். அறை முழுக்கப் புதினா வாசனை.

"ஒரே அழுக்கா இருந்துது. கிளினிக்ல பல் பாலிஷ் போடற மெஷின் இருக்கு. ராத்திரி உட்கார்ந்து நானே பேஸ்ட் போட்டுத் தேய்ச்சேன். மூலை முடுக்கெல்லாம் விடல" என்றார்.

என் கணவர் கையில் இருந்த டீ கணக்கு நோட்டின் மேல் கொட்டியது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவை நன்றாகத் திறந்து வைத்தேன், டாக்டர் ஓடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று.

அண்ணி இன்ஜினைக் கையில் எடுத்தார். திருப்பினார். கண்ணை ஒருதரம் இறுக்கி மூடித் திறந்தார்.

"ரொம்ப... சுத்தமா இருக்கு" என்றார்.

"பிடிச்சிருக்கா?"

"இந்த மாதிரி ஒண்ணு இந்தக் கடைக்கு வந்ததே இல்லை."

அது சத்தியமான வார்த்தை. டாக்டர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். இன்ஜின் சுற்ற ஆரம்பித்தது. அன்றைக்கு எத்தனை சுற்று என்று எண்ணுவதையே நாங்கள் விட்டுவிட்டோம். அவர் படியிறங்கிப் போனதும் என் கணவர் மெதுவாக, "அக்கா, அது இப்போ பழைய இரும்புக்குத்தான் போகும்" என்றார். "எனக்குத் தெரியாதாடா? நீ ஒண்ணும் அவர்கிட்ட சொல்லத் தேவையில்லை" என்று அண்ணி சீறினார். அன்று சமையலறையில் நானும் என் கணவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்ததில் எனக்கு விலா வலி எடுத்துவிட்டது. அந்த வெள்ளி இன்ஜினை அண்ணி ஏலத்துக்குக் கொடுக்கவில்லை. தன் பணத்தையே எடுத்து, விற்றுப்போனது என்று சொல்லி டாக்டருக்குக் கொடுத்துவிட்டு, அதைத் தன் அறையில் ஜன்னலோரம் வைத்துக்கொண்டார்.

எல்லாம் இப்படி இனிக்க இனிக்கப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கறுப்பு இன்ஜின் வந்து சேர்ந்தது.

எதிர்த்தெருவில் எங்களுக்கு ஒரு போட்டிக் கடை உண்டு. அதன் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் பிசின். உடைந்ததை எல்லாம் பிசின் போட்டு ஒட்டி ஒரிஜினல் என்று விற்பார். எங்கள் தொழிலில் ஒரு பழைய குறும்பு உண்டு. நாம் விற்ற இன்ஜினையே வேறொரு ஆளிடம் கொடுத்து நம்மிடமே விலை மதிக்க அனுப்புவார்கள். நமக்கு அடையாளம் தெரியாமல், விற்ற விலையைவிடக் குறைத்துச் சொல்லிவிட்டால் போயிற்று. "அவங்க விற்கும்போது ஒரு விலை, வாங்கும்போது ஒரு விலை" என்று ஊர் முழுக்கப் பரப்பி மானத்தை வாங்கிவிடுவார்கள். பிசின் இந்த வேலையை எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறார். அண்ணியிடம் மட்டும் பலித்ததில்லை. கையில் ஒருதரம் எடுத்த இன்ஜினை அண்ணி மறக்கமாட்டார்.

டாக்டர் கொண்டுவந்த கறுப்பு இன்ஜினை அண்ணி புரட்டியதுமே கை நின்றுவிட்டது. புகைக்கூண்டுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு சொட்டை. அடியில் ஒரு பித்தளைத் திருகு. மற்ற திருகெல்லாம் இரும்பு. பித்தளைத் திருகைப் போட்டது அண்ணியேதான், போன மாத ஏலத்துக்கு முன்னால்.

"இதுவும் உங்க பெரியப்பாவோடதா?" என்று கேட்டார். குரல் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

"ஆமாங்க. பரண்ல..."

"பரண்லயா?"

டாக்டருக்குக் காது மடல் சிவந்தது. "ஆமா" என்றார்.

அவ்வளவுதான். அண்ணி எழுந்து நின்றார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "போன மாசம் இந்த மேஜையில இருந்து போன இன்ஜின் உங்க பெரியப்பா பரணுக்கு எப்படிங்க ஏறிச்சு? பிசின் அனுப்பின ஆளா நீங்க? இத்தனை வாரமா நாற்காலியில உட்கார்ந்து சிரிச்சுச் சிரிச்சுப் பேசினது இதுக்குத்தானா? என்னைச் சோதிச்சுப் பார்க்கத்தானா?"

"இல்லைங்க, யார் பிசின்? நான் வந்து..."

"பேசாதீங்க!"

"ஒரே ஒரு நிமிஷம், நான் சொல்றதை..."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்!"

அண்ணி பேச ஆரம்பித்தால் நடுவில் ஒரு ஊசிகூட நுழையாது. டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் இன்ஜினை மேஜையிலேயே விட்டுவிட்டு நடந்தார். நிலையில் இடித்துக்கொண்டார். மெத்தைத் துண்டு இருந்ததால் சத்தம் வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பரிதாபமாக இருந்தது.

அண்ணி அழவில்லை. ஆனால் அன்று மாலை வந்த மூன்று பேருடைய இன்ஜின்களை, மூன்று சுற்றுகூட விடாமல், "தகரம், தகரம், தகரம்" என்று தள்ளிவிட்டார். அடுத்த புதன்கிழமை டாக்டர் வரவில்லை. மதியம் முழுக்க அண்ணி மாடிப்படியில் கேட்கும் ஒவ்வொரு காலடிக்கும் நிமிர்ந்தார். கீழே கண்ணாடி வாங்க வந்தவர்கள் வழி தவறி ஏறி வந்ததுதான் மிச்சம். பார்க்கச் சகிக்கவில்லை.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. பிசினுக்கு ஒற்றன் வேலை பார்க்கிறவன் எவனாவது இன்ஜினுக்குப் பற்பசை போட்டுத் தேய்ப்பானா? மறுநாள் அந்தக் கறுப்பு இன்ஜினைப் பையில் போட்டுக்கொண்டு, திருப்பிக் கொடுக்கிற சாக்கில் கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டர் உள்ளே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். முன்னறையில் நர்ஸம்மா மட்டும் இருந்தார். நல்ல வாயாடி, என்னைவிட ஒரு படி மேல். பையிலிருந்து இன்ஜினை எடுத்து வைத்ததும் அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, இது திரும்ப வந்துடுச்சா? போன ஏலத்துல நான்தாங்க போன்ல கூவிக் கூவி வாங்கினேன். டாக்டர் எங்கேயாவது ஒரு கறுப்பு இன்ஜின் வாங்கிக் குடுங்கன்னார். பேப்பர்ல விளம்பரம் இருந்துது, போன் பண்ணி என் வீட்டு விலாசத்துக்கு வரவழைச்சேன். அது எந்தக் கடைன்னு யார் பார்த்தா?"

"எதுக்கு வாங்கச் சொன்னார்?"

"எதுக்கா? வாங்க, காட்டறேன்" என்று பக்கத்து அறையில் இருந்த அலமாரியைத் திறந்தார். மேல்தட்டில் பிளாஸ்டரில் செய்த தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. கீழ்த்தட்டில் காலி அட்டைப் பெட்டிகள். ஒன்றில் நான் போட்ட முடிச்சு, நான் ஒட்டிய டேப். மற்றதெல்லாம் ஊரில் இருக்கிற அத்தனை கடைகளிலிருந்தும் வந்தவை, பிசின் கடை உட்பட; எதில் எந்த இன்ஜின் வந்தது என்று மேலேயே எழுதியிருந்தது.

"அவங்க பெரியப்பா விட்டுட்டுப் போனது நாலே நாலுங்க. அது முதல் மாசமே தீர்ந்துடுச்சு. அப்புறமெல்லாம் இவரே வாங்கறார், உங்க கடைக்குத் தூக்கிட்டுப் போறார், நீங்க வித்துத் தர்ற பணத்துல இன்னொண்ணு வாங்கறார். ஒவ்வொரு தடவையும் பாதிப் பணம் காத்துல போகுது. பேஸ்ட் போட்டுத் தேய்ச்சாரே, அந்த இன்ஜின் ஒண்ணுதான் லாபம்னு சொன்னார். கேட்டா, எனக்கு இன்ஜின் பிடிக்கும் நர்ஸ்னு சொல்றார். இன்ஜினுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு கேளுங்க, தெரியாது!"

நான் அங்கேயே நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். பஸ்ஸுக்கு நிற்கக்கூடப் பொறுமை இல்லை.

அண்ணியிடம் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் அசையாமல் கேட்டார். அப்புறம் தொழில்காரப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

"அப்போ அவர் கொண்டுவந்த சிவப்புச் சக்கரம் வச்ச இன்ஜின்? அதை எங்கே வாங்கினாராம்?"

"பிசின்கிட்ட."

"பிசின்கிட்டயா! அந்தக் கொள்ளைக்காரன் என்ன விலை சொல்லியிருப்பான்! நான் அதுக்கு ரொம்பக் குறைச்சுத்தானே சொன்னேன். ஒட்டுப் போட்டதுன்னு சொன்னேனே, ஒரு வார்த்தை மறுத்துப் பேசலையே அந்த மனுஷன். சரி, அந்தச் சாவி குடுத்து ஓட்டற இன்ஜின்?"

"அதுவும் வெளியில வாங்கினதுதான்."

"அதுலயும் நஷ்டம். அந்த நீல இன்ஜின்ல இன்னும் பெரிய நஷ்டம். எல்லாத்துலயும் நஷ்டம். தெரிஞ்சே பண்ணியிருக்கார்." அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். லென்ஸைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "என்கிட்ட வர்றவங்க எல்லாரும் லாபம் பார்க்கத்தான்டி வருவாங்க. அதுல தப்பில்லை, கடைன்னா அப்படித்தான். எனக்காக ஒருத்தர் நஷ்டப்பட்டு நான் பார்த்ததே இல்லை." அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே, "முட்டாள், சுத்த முட்டாள்" என்றார். அந்த வார்த்தையை அவ்வளவு ஆசையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை அண்ணி இஸ்திரி போட்ட உடையில் வந்து நின்றார்.

"கிளம்பு. எனக்குப் பல் வலி."

"எந்தப் பல்லு அண்ணி?"

"வழியில முடிவு பண்ணிக்கலாம்."

கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் தாடை வீங்கிய ஒருவர் காத்திருந்தார். நர்ஸம்மா எங்களைப் பார்த்ததும் அவரைக் கையமர்த்திவிட்டு, "அவசர கேஸ்" என்று எங்களை நேராக உள்ளே தள்ளினார். டாக்டர் அண்ணியைப் பார்த்துக் கையில் இருந்த சின்னக் கண்ணாடியைக் கீழே போட்டார். அதை எடுக்கக் குனிந்து விளக்கில் தலையை இடித்துக்கொண்டார்.

அண்ணி நேராகப் போய் அந்தச் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்தார். "பல்லைப் பாருங்க."

"எந்தப் பல் வலிக்குது?"

"நீங்களே கண்டுபிடிங்க. உங்க தொழில்தானே?"

டாக்டர் விளக்கைச் சாய்த்தார். வேறொரு கண்ணாடியை எடுத்து நுழைத்துப் பார்த்தார். மேல்வரிசை, கீழ்வரிசை, ஒவ்வொன்றாக. அப்புறம் சின்னக் கம்பியின் முனையால் தட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார். என்ன மெதுவாகத் தட்டினார் தெரியுமா! வெளியே தாடை வீங்கியவர் முனகுவது கேட்டது. ஒருதரம் முடித்தவர் மறுபடி முதல் பல்லிலிருந்து ஆரம்பித்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஒரு குறையும் இல்லையே" என்றார் கடைசியில். "சொத்தை கிடையாது, ஆட்டம் கிடையாது. எல்லாம் உங்க சொந்தப் பல். எதுக்கு வந்தீங்க?"

அண்ணி வாயிலிருந்து கண்ணாடியை ஒதுக்கினார். "நீங்க இன்ஜினை ஒவ்வொண்ணா கொண்டுவந்தீங்க. நான் பல்லை ஒவ்வொண்ணா கழட்டிக் கொண்டுவர முடியுமா? அதான் மொத்தமா வந்துட்டேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எல்லாம் வெளிப்பட்டுவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கைக்குக் கிடைத்த பஞ்சை எடுத்து, எதற்கு என்று தெரியாமலேயே, அண்ணியின் இரண்டு கன்னத்திலும் திணிக்க ஆரம்பித்தார். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஊ ஊ" என்றுதான் வந்தது.

டாக்டர் அப்போதுதான் தான் செய்ததைக் கவனித்தார். பஞ்சை எடுக்கக் கை நீட்டினார். நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். இந்த ஊரிலேயே அண்ணி நடுவில் பேச முடியாத ஒரே நேரம் இதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"கொஞ்சம் அப்படியே இருங்க. இப்பவே சொல்லிடறேன்" என்றார் மூச்சுவிடாமல். "எனக்கு இன்ஜின் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. தெரிஞ்சுக்கவும் ஆசையில்லை. நீங்க அதைக் கையில எடுத்துப் பார்க்கறதைப் பார்க்கத்தான் வந்தேன். பரண்னு பொய் சொன்னது தப்பு. ஆனா தீர்ந்துபோச்சுன்னு சொன்னா, அப்புறம் எதைச் சாக்கு வச்சு நான் வர்றது? எனக்கு வயசாயிடுச்சு, நடந்தா இடிச்சுக்குவேன், சம்பாதிக்கறதுல பாதி இப்படிப் போயிடும். இதெல்லாம் தெரிஞ்சும் உங்களுக்குச் சம்மதம்னா, நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

கதவிடுக்கில் நர்ஸம்மாவின் ஒரு கண் தெரிந்தது.

அண்ணி எழுந்து உட்கார்ந்தார். ஒரு கன்னத்துப் பஞ்சை எடுத்தார். இன்னொரு கன்னத்துப் பஞ்சை எடுத்தார். எத்தனை மாப்பிள்ளைகளுக்கு எத்தனை குறை கண்டுபிடித்த வாய் அது! இந்த மனிதரோ தன் குறையை எல்லாம் தானே வரிசையாக எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அண்ணி அவரை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார்.

"பழகிப்போச்சுங்க" என்றார் டாக்டர்.

நான் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த தாடை வீங்கியவர், உள்ளே யாரையோ மயக்கமருந்து கொடுக்காமல் பிடுங்குகிறார்கள் என்று பயந்து எழுந்து ஓடியே போய்விட்டார். நர்ஸம்மா அவர் பின்னாலேயே படியிறங்கி ஓடினார். "அய்யா, நில்லுங்க, அது வலி இல்லைங்க" என்று அவர் தெருவில் கத்துவது எங்களுக்கு மேலே வரை கேட்டது.